சூட்டில் மட்டும்

காலை ஆறு மணிக்கு இந்த வண்டிக்குப்
பொய் சொல்லத் தெரியாது.
பட்டனைத் தொட்டதும் எழுந்து
ஒரே சீராகத் துடிக்கும்.

பெர்ஜின் சொல்வது வேறு வண்டி.
பதினொன்றரைக்கு மேல், அல் நஹ்தா சிக்னல்,
பின்பெட்டியில் யாருடையதோ பிரியாணி,
முன்னால் நாற்பது கார்.
அப்போது ஒரு விக்கல். இன்னொன்று.
முறுக்கினால் இருமும், விட்டால் அணையும்.
அரைமணி நேரம் நிழல் கொடுத்தால்
ஒன்றுமே நடக்காதது போல எழும்.
"எனக்குத்தான் ஓட்டத் தெரியலைங்கிறாரு
சூப்பர்வைசர்" என்றான்.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பத்து.
டயர்க் கடைக்கும் சலூனுக்கும் நடுவே
பதினோரு வருஷமாக
வண்டிகளின் முனகலைக் கேட்டுக் காசு வாங்குகிறவன் நான்.

முதல் சந்தேகம் பெட்ரோல் மூடி மேல்.
மூச்சுத் துளையில் மணல் அடைத்தால்
சூட்டில் டேங்க் திணறும், கீழே சொட்டு இறங்காது.
திறந்தேன், உஸ் என்ற சத்தமில்லை.
ஊதினேன், என் மூச்சு மறுபக்கம் போனது.
மூடி நிரபராதி.

அடுத்து வால்வ்.
சூட்டில் இரும்பு வளரும், அதற்கு இடம் விடவேண்டும்.
எவனோ இறுக்கிவிட்டான் என்று
பழிபோட ஆசையாகத்தான் இருந்தது.
ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு
போய்த் திரும்பியது. சரியான உரசல்.
பிளக்கைக் கழற்றினேன், காபிப்பொடி நிறம்,
குறை சொல்ல முடியாது.

ராத்திரி பத்து மணிக்கு
காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன்.
ஓடியது, கழுதை.
டாக்டர் வாசலில் பல்வலி போகிற கதை.

மூன்று நாள் ஆயிற்று.
வண்டி நின்றாலும் வாடகை நிற்காது,
அது பெர்ஜின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் தோன்றியது:
வெயிலை இங்கே கொண்டுவந்தால் என்ன?
சலூன் ஸுல்ஃபிகரிடம்
முடி உலர்த்தும் மெஷினைக் கேட்டேன்.
"வண்டிக்குக் கல்யாணமா?" என்றார்.

இக்னிஷன் காயிலுக்குப் பத்து நிமிஷம் காட்டினேன்,
அசரவில்லை.
இடப்பக்க மூடிக்குள் பிக்கப் காயில்.
மீட்டரில் இருநூற்றுப் பதினெட்டு ஓம்.
சூடு ஏற ஏற, இருநூற்று முப்பது,
நாற்பத்தொன்று, நாற்பத்தாறு,
பிறகு எல்லா எண்ணும் அழிந்து
இடது ஓரத்தில் ஒற்றையாய் ஒன்று.
என் மீட்டரில் அதற்கு அர்த்தம்
இதற்கு மேல் எனக்கு எண்ணத் தெரியாது என்பது.
உள்ளே எங்கோ தலைமுடியிலும் மெல்லிய கம்பி
சூட்டில் கைவிட்டு,
ஆறியதும் வந்து பிடித்துக்கொள்கிறது.

பெர்ஜின் மெஷினை வாங்கிக்கொண்டான்.
குளிர்காற்று: இருநூற்றுப் பதினெட்டு.
சுடுகாற்று: ஒன்று.
நாலு தரம் செய்தான்.
ஐந்தாம் தரம் வீடியோ எடுத்து
சூப்பர்வைசருக்கு அனுப்பினான்.

எழுந்தவன் லிஃப்ட் கம்பியைப் பிடித்தான்.
பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.
"ஒண்ணுமில்லண்ணே. மத்தியானம் இப்படித்தான்,
கண்ணு இருட்டிட்டு வரும்.
ரூம்ல போய்ப் படுத்தா சரியாயிடும்."
கிளினிக்?
"போனேன். சாயங்காலம் ஏழு மணிக்கு,
ஏசியில உக்காரவச்சு பிரஷர் பாத்தாங்க.
நார்மல்."

மீட்டரை அணைத்தேன்.
காயில் தேராவிலிருந்து வரவேண்டும்,
நாளை மறுநாள்தான் வண்டி என்றேன்.
காயில் என் மேசையின் இரண்டாம் டிராயரில்
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.
பில்லில் லேபர் என்ற இடத்தில்
ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் வாடகைக்கு
அது போதாது, தெரியும்.

வாசலில் யாரோ இருமினார்கள்.
கழுத்தில் சலூன் துணி, தலை சொட்டச் சொட்ட ஒருவர்,
மெஷினைக் கேட்டு நின்றார்.