புள்ளி

கரகண்டா. மைனஸ் முப்பது.
விளக்கறை ஜன்னலில் பனி பூத்திருந்தது.
மீத்தேன் மானி
ஒன்று புள்ளி எட்டு காட்டியது.
செரிக்பாய் அதை இரண்டு முறை படித்தான்,
தேநீர் ஆறும்வரை யோசித்தான்,
பிறகு புள்ளியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளினான்.
முன்னால் ஒரு பூஜ்யம்
கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.

"படியெடு" என்றான். எடுத்தேன்.
என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

அன்று ஒன்றும் வெடிக்கவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்,
நூற்றுப் பன்னிரண்டு விளக்குகள் திரும்பி வந்தன.
துலேகென் மட்டும் தன் விளக்கை நீட்டியபடி
"இன்றைக்கு ஏனோ தலைவலி, ரவுஷான்" என்றான்.
மாத்திரை கொடுத்தேன்.

பனி உருகும் மாதம்
செரிக்பாய் அஸ்தானாவுக்குப் போனான்.
கண்ணாடிக் கட்டடம், பதினான்காவது மாடி.
பெரும்புள்ளி ஆகிவிட்டான் என்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது
சின்னப் புள்ளி ஒன்றுதான்.

எனக்கும் ஒரு மேசை கிடைத்தது,
வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.
எழுதும்போது விரல் விறைப்பதில்லை இப்போது.
ஷிப்டு முடிந்ததும்
விளக்குகளை எண்ணுகிறேன்.
சரியாக இருக்கிறது.
மறுபடி எண்ணுகிறேன்.