கால்வாயை அடைக்கப் போன நாள்

முப்பத்தோரு ஆண்டுகளாக
பிறர் எழுதிய வாக்கியங்களில்
காற்புள்ளி பிடுங்குவது என் பிழைப்பு.
தார்த்து நகரில் இரண்டாம் மாடி,
வடக்கு பார்த்த சன்னல்,
மேசைமேல் எப்போதும் யாரோ ஒருவருடைய காடு.
அச்சுக்குப் போகுமுன் கடைசியாக
அதில் நுழைந்து வெளியே வருபவள் நான்.

கதையில் சதுப்பு வந்தால்
யாரோ சாகப்போகிறார்கள் என்று பொருள்.
காதலன் வழி தவறுவான்.
வரி வசூலிக்க வந்தவனின் குதிரை
கழுத்துவரை இறங்கும்.
மூடுபனி வரும், வராமல் இருக்காது.
நான் திருத்திய எண்பத்துச் சொச்சம் நாவல்களில்
ஒருவர்கூட அங்கே உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியதில்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளி இரவு
கீழ்வீட்டு ஹெல்துர் கதவைத் தட்டினார்.
"நாளைக்குக் கைகள் வேண்டும்.
கருத்துகள் போதுமான அளவு இருக்கின்றன."

சிற்றுந்தில் பதினான்கு பேர்.
பல் மருத்துவர் ஒருவர்,
ரொட்டிக்கடையில் இரவுவேலை முடித்து
அப்படியே ஏறிவந்த இரட்டையர்,
வேலையை நடத்தும் ஊர்வே.
ஊர்வே வணக்கம் சொல்வதில்லை,
மண்வெட்டியை நீட்டுகிறாள்.

கால்வாய் நேர்கோடாய்க் கிடந்தது.
அறுபது ஆண்டுகளுக்கு முன் எவரோ
அளவுகோல் வைத்து
ஈரத்தின் மேல் இழுத்த கோடு.
அடிக்கோடு அல்ல, அடித்தல் கோடு.
அதன் வழியே நீர் வடிந்தது.
பாசி வெளுத்தது.
பைன்கள் வரிசையில் வந்து நின்றன,
வரிசையாகவே போயின,
கூழாகி, தாளாகி,
கடைசியில் என் மேசைக்கு.

இதை எவரும் எனக்குச் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.
தாளின் எடையைக் கேட்டிருக்கிறேன். எண்பது கிராம்.
மரங்களுக்காக அழும் கவிதைகள்
எத்தனை அந்தத் தாளில் அச்சாயின!
அவற்றுக்கெல்லாம் எழுத்துப்பிழை பார்த்தேன்.
அழுகையில் பிழையே இல்லை.

பலகைகளை இறக்கினோம்.
இரட்டையர் மரச்சம்மட்டியால் அறைந்தார்கள்.
பக்கவாட்டில் வெட்டியெடுத்த மண்
பழுப்பு, அதற்கும் கீழே கறுப்பு,
ஆயிரம் ஆண்டு அழுகாத பாசி,
அடுக்கடுக்காக.
"பக்கங்கள் மாதிரி இருக்கிறது" என்றேன்.
நிமிராமலே சொன்னாள் ஊர்வே:
"புத்தகமில்லை. நனைந்த பாசி. இங்கே போடு."

முப்பத்தோரு ஆண்டில் முதன்முறையாக
என் வாக்கியத்தை ஒருவர் திருத்தினார்.
சரியான திருத்தம்.
உவமையை விட்டுவிட்டு மண்ணைப் போட்டேன்.

மதியம் கம்பு ரொட்டி, உப்புமீன்,
கையெட்டும் தூரத்தில் பறித்த புளிப்புப் பழங்கள்.
பல் மருத்துவர் அணையைப் பார்த்து
"சொத்தையை அடைத்தாயிற்று" என்றார்.
அவரை மட்டும் ஊர்வே திருத்தவில்லை.
அது இன்றுவரை எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அந்திக்குள் நீர் மூன்று விரற்கடை ஏறியது.
அவ்வளவுதான்.
எங்கோ நாரைகள் கத்தின,
எங்களைப் பற்றி அல்ல.
திரும்பும் வழியில் இடது கால் புதைந்தது, முழங்கால்வரை.
பயப்படத் தயாரானேன்:
எண்பத்துச் சொச்சம் நாவல்கள் அதற்குப் பழக்கியிருந்தன.
குளிர்ந்திருந்தது. மெத்தென்றும் இருந்தது.
ஹெல்துர் இழுத்தார், பூட்ஸ் உள்ளேயே தங்கிவிட்டது.
ஒற்றைக் காலுறையோடு ஊர் திரும்பினேன்.

திங்கட்கிழமை மேசைக்கு ஒரு நாவல் வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
விதவை ஒருத்தி சதுப்பில் மூழ்குகிறாள், மூடுபனியோடு.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
"எவ்வளவு ஆழம்? போய்ப் பார்த்தீர்களா?"
என் வேலை அதுவல்ல. அழித்தேன்.
மறுபடி எழுதினேன், இம்முறை மையால்.

ஊர்வேயிடமிருந்து மாதம் ஒரு செய்தி வருகிறது,
அளவுகோல் காட்டுவது மட்டும்.
அக்டோபர்: நாலு செண்டிமீட்டர்.
நவம்பர்: பதினொன்று.
டிசம்பர்: உரைந்துவிட்டது, அளக்கவில்லை.

உறைந்துவிட்டது என்று இருக்க வேண்டும்.
விட்டுவிட்டேன்.