ஃப்ரிட்ஜுக்குக் காது கேட்கிறது

இன்றைக்கும் கழற்றி
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான்.
திர்ஹம் காசைவிடச் சற்றே பெரிய வட்டம்,
உள்ளே காந்தம், கீழே தொங்கும் வயர்.
பிரியாணிக் கடை நம்பருக்கும்
கேஸ்காரன் ஸ்டிக்கருக்கும் நடுவே
என் மகனின் வலது காது.
விளக்கு மினுக்கி மினுக்கித்
தலையைத் தேடுகிறது.

ரோலாவில் நான்காம் மாடி. ஆகஸ்ட்.
சபூரா விடிய விடிய அழுதது
ஆபரேஷனுக்கு முந்தின இரவு அல்ல.
ஒன்பது மாதம் கழித்து
இரண்டாவது டாக்டர்
இரண்டாவது பெயர் சொன்ன அன்று.
முதல் பெயருக்கு மெஷின் இருந்தது,
கம்பெனிக் கடனும் இருந்தது.
இரண்டாவதற்கு
ஒரு நோட்டு, வாரம் மூன்று வகுப்பு.

காலையில் ஆறு ஒலி.
வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்வேன்:
ம். ஊ. ஆ. ஈ. ஷ். ஸ்.
கேட்டால் ஒரு மணியைக் கோப்பையில் போட வேண்டும்.
அவன் மணிகளை நிறம் பிரித்து
பாய் ஓரமாக அடுக்குவான்.
கேட்டதா, கேட்கவில்லையா,
கேட்டும் வேண்டாமென்று இருக்கிறானா
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

வீட்டில் ஒரே மொழி பேசுங்கள் என்கிறார் ஷைனி மிஸ்.
எது எங்கள் ஒரே மொழி?
லிஃப்டில் அரபி, பக்காலாவில் மலையாளம்,
வேலையில் இந்தி,
சண்டைக்கு மட்டும் கீழக்கரை.

நான் ஏசி மெக்கானிக்.
போன வெள்ளிக்கிழமை
தரையில் படுத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்தான்.
நடுவில் ஒரு விக்கல். மறுபடி இழுப்பு.
எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்:
எங்கள் ஜன்னல் ஏசி,
கெப்பாசிட்டர் போகப்போகிற கம்ப்ரசர்.
மறுநாள் போனது.
'வாப்பா' இன்னும் வரவில்லை.
கெப்பாசிட்டர் வந்துவிட்டது.

இப்போது
ஃப்ரிட்ஜிலிருந்து பிடுங்கிக்கொண்டு
என் மேல் ஏறுகிறான்.
என் காதுக்குப் பின்னால் வைக்கிறான்.
விழுகிறது.
மறுபடி. விழுகிறது.
என் தலைக்குள் காந்தம் இல்லையடா, நுஃமான்.
உறுமுகிறான். மூன்றாம் முறை
நானே விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன்.

இறங்கி எதிரே உட்கார்கிறான்.
வாயைக் கையால் மூடிக்கொள்கிறான்.
ஏதோ சொல்கிறான், அல்லது சொல்லவில்லை.
ஏசி இல்லாத அறையில்
வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது.

ஒரு சிவப்பு மணியை எடுத்துக்
கோப்பையில் போட்டேன்.

அதை எடுத்துவிட்டு
நீலத்தைப் போட்டான்.