பையில் இருந்த சாவி

சனிக்கிழமை, முதல் வேலிப்படியிலேயே
தொடங்கிவிட்டது சேறு.
என் இடது பூட்ஸுக்குள் ஒரு சிறு குளம்.
ஆடுகள் எங்களை நிமிர்ந்து பார்த்தன,
பார்க்க ஒன்றுமில்லை என்று
புல்லுக்குத் திரும்பின.

வரைபடத்தோடு இட்ரிஸ் முன்னே.
ஒவ்வொரு கேட்டிலும் நின்று
துருவைப் படமெடுத்தபடி நான் பின்னே.
"இந்த வேகத்தில் போனால்
நம்மைப் புதைக்கத்தான் தேவாலயம் வேண்டியிருக்கும்."

அன்று மூன்று தேவாலயங்கள்.
முதலாவதில், வவ்வால் எச்சத்துக்கு அஞ்சி
பீடத்தின் மேல் பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள்.
இரண்டாவதில் மூக்கில்லாத கல் வீரன்.
அவன் காலடியில் படுத்த நாய்க்கு மட்டும்
எத்தனையோ கைகள் தடவிய
மினுமினுப்பு.

மூன்றாவது பூட்டியிருந்தது.
கதவில் ஒரு சீட்டு:
சாவிக்கு, நீலக் கதவு வீடு, திருமதி ப்ரோஸர்.

மாவு அப்பிய கையோடு வந்தார்.
உள்ளங்கையைவிட நீளமான இரும்பைத் தந்தார்.
"முடிந்ததும் தபால் துளையில் போட்டுவிடுங்கள்.
வலப்பக்கம் திருப்பி, சற்றே தூக்கி,
பிறகு திட்டுங்கள். திறந்துவிடும்."

இட்ரிஸ் வெல்ஷில் திட்டினான்.
திறந்தது.

உள்ளே
வெளியிலிருப்பதைவிட வயதான குளிர்.
முழங்காலிடும் மெத்தைகளில்
ஊர்க்காரர்கள் தைத்த பூவேலை:
ஓர் ஆந்தை, ஒரு டிராக்டர்,
தோற்றுக்கொண்டேயிருக்கும் கால்பந்து அணியின் சின்னம்.
ஜன்னலின் சிவப்பு தரையில் விழுமென்று
ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
மேகம் நகரவில்லை.
நாற்பத்தேழு படங்கள், எல்லாமே சாம்பல்.

இரவு விடுதியில் லென்ஸ் துடைக்கப் பையைத் திறந்தால்
துணிக்கடியில் சாவி.

இட்ரிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
வரைபடத்தை விரித்து
ஐந்து மைலை
விரலால் திரும்ப நடந்தான்.

ஞாயிறு காலை மழை.
மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறுதான்
அங்கே வழிபாடு என்பது
எங்களுக்கு எப்படித் தெரியும்?
முகப்புக் கூரையின் கீழே
ஆறு பேர், ஒரு நாய்,
ஏழு ஊர்களுக்கும் பொதுவான ஒரே போதகர்,
அங்கிக்குக் கீழே ரப்பர் பூட்ஸ்.
முதல் பாட்டை
ஆர்கன் இல்லாமலே பாடி முடித்திருந்தார்கள்.

கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.
திருமதி ப்ரோஸர் குடையை என் பக்கம் சாய்த்தார்,
அவ்வளவுதான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இட்ரிஸ் சாவியைத் திருப்பினான்.
சற்றே தூக்கினான்.
போதகரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.
கதவு அசையவில்லை.
போதகர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு
பூட்டிடம் குனிந்து
ஏதோ முணுமுணுத்தார்.
வெல்ஷ்தான்.
இட்ரிஸின் காது சிவந்தது.

இரண்டாவது பாட்டுக்கு எல்லோரும் உள்ளே இருந்தோம்.
எனக்கு டிராக்டர் மெத்தை.
கேமரா பையிலேயே கிடந்தது,
ஈரத்துக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டேன்.
எங்கள் கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர்
கல்தரைச் சரிவில் மெல்ல ஓடி
யாருடைய பெயரிலோ, தேய்ந்த எழுத்துகளில்
தேங்கியது.

முடிந்ததும் போதகர்
பதிவேட்டில் தேதி போட்டு
எதிரே எழுதினார்: வந்தவர்கள் ஒன்பது பேர்.

எண்ணிப் பார்த்தேன்.
அவர்கள் ஆறு, நாங்கள் இரண்டு.

நாய் கணப்பருகே
உலர்ந்துகொண்டிருந்தது.