காரணம் தெரியவில்லை

வால்திவியாவில் மழை என்று தொடங்கினால் இந்த ஊரில் சிரிப்பார்கள்.
எப்போது பெய்யவில்லை?

நோல்ஃபா வென்சுமான், நாற்பத்தாறு வயது,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன் அரிபவள்.
மார்ச்சில் ஒரு காலை யாரோ விலை கேட்க,
கையிலிருந்த மீனின் பெயர்
அவள் நாவில் எழவில்லை.
கத்தி நழுவியது. பிறகு வலக்கை.
படிக்கட்டில் காத்துக் கிடந்த கடற்சிங்கங்கள்
சிந்திய மீனுக்கு முண்டியடித்தன.

இதயத் துடிப்பு சீர். சர்க்கரை இல்லை. புகைப்பதில்லை.
கழுத்து நாளங்களில் சாயமேற்றிப் படமெடுத்தார்கள்.
குறுக்காக நறுக்கிய முந்நூறு சில்லுகள்,
அதிகாலை நாலே கால், ஆறிப்போன மாத்தே.
'அடைப்பு ஏதுமில்லை'
என்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான்.

பெயர்களில் பாதி அவளுக்குத் திரும்பி வந்தன.
கோங்ரியோ வந்தது. மெர்லூசா வந்தது.
மகனைக் கூப்பிட்டால் சில நாள்
மகளின் பெயர் வந்தது.

ஆகஸ்டில் மறுபடி.
அதே இடப்பக்க மூளை, அதே கிளை.
'காரணம் தெரியவில்லை' என்பதை
நரம்பியல்காரர்கள் ஒரு நோயின் பெயர்போலச் சொல்வார்கள்.
அந்த வாரம் அது எனக்கு
என் பெயர்போலக் கேட்டது.

மார்ச் படத்தைத் திறந்தேன்.
இம்முறை நெடுக்காக வெட்டினேன்,
முதுகெலும்பை ஒட்டி அவள் மீனைப் பிளப்பாளே, அப்படி.

இடக்கழுத்தில் நாளம் இரண்டாகப் பிரியுமுன் புடைக்கும் இடம்.
பின்சுவரில் ஒரு சவ்வு.
நகத்தடிப் பிறையளவுகூட இல்லை.
குறுக்கே பார்த்தால் வெறும் புள்ளி,
தாண்டிப் போய்விடலாம்.
போயிருக்கிறேன்.

காயே-காயே ஆறு பாலத் தூணுக்குப் பின்னால்
ஒரு கணம் தயங்கிச் சுழலும். நுரை சேரும், இலை சேரும்.
தினமும் அந்தப் பாலத்தில்தான் வேலைக்கு வருகிறேன்.
அந்தச் சவ்வுக்குப் பின்னால் அவள் ரத்தம் தயங்கியது,
உறைந்தது,
இரண்டு முறை புறப்பட்டுப் போனது
பெயர்கள் இருக்கும் இடத்துக்கு.

படம் பார்ப்பவர்கள் வார்டுக்குப் போவதில்லை. போனேன்.
"மார்ச்சிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை."
சொல்ல எண்ணியிருந்த மற்றதெல்லாம் வரவில்லை.

அவள் இடக்கை விரலைத் திரையில் வைத்தாள்.
சவ்வின்மேல், சரியாக.
உதடு மூன்று முறை குவிந்து கலைந்தது.

"முள்" என்றாள்.

அதுவல்ல அதன் பெயர். திருத்த எனக்கு வாய் வரவில்லை.
வியாழக்கிழமை ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

இரவு அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்.
மார்ச் எட்டு என்று அடித்தேன். கணினி ஏற்கவில்லை,
இன்றைய தேதியைத்தான் போட்டது.