கவுனியின் பிறப்பிடம்

பள்ளத்தூரில் இரவு பதினொன்றரை.
கரண்ட் போவதற்குள்
ஆட்டத்தின் வரைபடத்தில்
எங்கள் சீமையைத் தனி மாகாணமாக வெட்டி
செம்மண் நிறம் பூசிவிட்டேன்.
விளைபொருள்?
என்று கேட்டு நிற்கிறது கட்டம்.

கல்பாசி என்று தட்டினேன்.
அது எங்கோ மலைப்பாறையில் படர்வது.
அன்னாசிப்பூ, சீனத்துச் சரக்கு.
மராட்டி மொக்கு பெயரிலேயே மாட்டிக்கொண்டது.
வானம் பார்த்த பூமி;
குழம்பில் மணப்பது எதுவும்
கொல்லையில் முளைத்ததில்லை.

உப்புக்கண்டம் போட்டேன்.
கெடும் விகிதம்: பூஜ்யம்.
காலையில் தேனப்பன் கூப்பிட்டான்:
"சிகப்பி, உன் கண்டத்தைத் தின்றே
ஒரு படை மலாக்காவைப் பிடித்துவிட்டது.
கொஞ்சமாவது கெட்டுப்போக விடு."

விட்டேன். மாதம் இரண்டு சதவீதம்.

கவுனி அரிசிதான் இடித்தது.
பிறப்பிடத்தில் ஒரே ஊர்தான் எழுதலாம்.
ரங்கூன் என்றால்
கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பூவோடு
இலையில் விழுகிற அந்தக் கறுப்பு இனிப்பு
விருந்தாளியாகிவிடும்.
பள்ளத்தூர் என்றால் பொய்.
இரண்டு முறை எழுதி, இரண்டு முறை அழித்து,
வெற்றாகவே சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆட்டம் முறைக்கும் என்று நினைத்தேன்.
முறைக்கவில்லை.
ஆட்டக் கணக்கில் நூறு வருடம் ஓடியபின் பார்த்தால்
எந்தத் துறையிலும் ஏற்றாத கவுனியை
எல்லாத் துறையிலும்
இறக்கிக்கொண்டிருக்கின்றன கப்பல்கள்,
மூட்டை மூட்டையாக.

பிழை என்கிறான் தேனப்பன்.
நாளைக்குத் திருத்துகிறேன் என்று
ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.