ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குக்
கதவைப் பாதிதான் திறந்தாள் தான்பி.
குப்பையை ஏன் பிரிக்கிறீர்கள்?
பூமிக்காக. அபராதத்துக்குப் பயந்து.
அக்கம்பக்கம். பழக்கம்.
பூமிக்கு டிக் போட்டாள்.
பேனாவுக்கும் அதுதான் பிடித்த கட்டம் போல,
மை தாராளமாக இறங்கியது.

பூமி பாவம்,
அதற்கு மஞ்சள் செருப்பு விவகாரம் தெரியாது.

போன மார்ச்சில், இரவு ஒன்றே கால்,
கோழி எலும்பையும் சோஜு பாட்டிலையும்
ஒரே பையில் முடிச்சுப் போட்டு
இருட்டில் வைத்துவிட்டு வந்தாள்.
மறுநாள் லிஃப்ட்டுக்குள் கேமரா எடுத்த படம்.
முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள், மரியாதையாக.
ஒன்பது மாடியும் குனிந்து பார்த்துக்கொண்டது
ஒருவர் காலை ஒருவர்.
அன்றே புதுச் செருப்பு வாங்கினாள். சாம்பல் நிறம்.

வெட்கம் ஒரு மாதம் தாங்கியிருக்கும்.
அதன் பிறகும் ஏன் பிரித்தாள் என்றால்

அலுவலகத்தில் அவள் கோப்பின் பெயர் 'இறுதி'.
அப்புறம் 'இறுதி இரண்டு'.
'இதுவே இறுதி'.
'மேலாளர் பார்த்த இறுதி'.
சில்லிம் மேட்டில், கட்டில் போக மிச்சமுள்ள அறையில்,
இரவு பத்தரைக்கு
தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் நிமிண்டி
ஒரே இழுப்பில் உரிப்பாள்.
கிழியாமல் வந்துவிட்டால்
அன்று ஒரு காரியம் முடிந்தது.
திருத்தம் கேட்டு யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

தர்பூசணித் தோல் உணவு.
முட்டை ஓடு உணவில்லை, வெங்காயச் சருகும்.
குழம்பினால் பன்றியின் இடத்திலிருந்து யோசி
என்றிருந்தாள் கூட வேலைபார்க்கும் போரம்.
மேலாளரின் இடத்திலிருந்து யோசிப்பதைவிட
அது எவ்வளவோ சுலபம்.

நேற்று கீழே எந்திரத்தில் அட்டையைக் காட்டினாள்.
மூடி திறந்தது, மூடியது.
"நூற்று நாற்பது கிராம்" என்றது குரல்.
ஓர் ஆள் சாப்பிட்டு மிச்சம் வைத்த கனம்.

பின்னால் வாளியோடு ஒருவன்.
ஏழாம் மாடி, குக் சங்வூ.
காலில் மஞ்சள் செருப்பு.

"நான் இல்லை" என்றான், அவள் பார்வையைப் பார்த்து.
"மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
ஒருத்தரும் நம்பவில்லை.
அதனால்தான் இப்படிக் கழுவிக் கழுவிப் பிரிக்கிறேன்."
பாட்டில் மூடியின் வளையத்தைக்கூட வெட்டி
தனியாக வைத்திருந்தான்.

தான்பி வாயைத் திறந்தாள்.
எந்திரம் முந்திக்கொண்டது:
அடுத்தவர் அட்டையைக் காட்டவும்.

அவன் வாளியில், சோற்றுக்கு மேல்,
வெங்காயச் சருகு ஒன்று.
கையை விட்டு எடுத்தாள்.
"இது இதில் சேராது" என்று மட்டும் சொன்னாள்.
சருகை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு
லிஃப்ட்டுக்குக் காத்திராமல்
படியேறினாள்.